பீச்சாங்கைப் பிள்ளையா, பார்க்க வேண்டிய பிள்ளையா?

போன மாதம் பெரியவர்களுக்கு வரும் பக்கவாதம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “கைக்குழந்தைக்குக்கூட இது வருமா?” என்றுதான் கேட்கின்றன. வரும். வயிற்றில் இருக்கும்போதே வரும். அதனால் இந்த மாதம் முழுக்கக் குழந்தைகள்தான். நான் டாக்டர் இல்லை, மதுரையில் குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்கிறவள். மருந்து, மாத்திரை பெயர் கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகள் வயிற்றுப் பேரனுக்கு ஏழு மாதம் ஆகிறது. எதை நீட்டினாலும் இடது கையால்தான் வாங்குகிறான், வலது கையை மூடியே வைத்திருக்கிறான். “இவன் தாத்தாவும் பீச்சாங்கைதான், வம்சம் அப்படி” என்று சம்பந்தி வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.
– ஓர் அம்மாச்சி, மேலூர்

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறதம்மா. இந்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போங்கள், சம்பந்தியிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஒரு வயது முடிவதற்குள் குழந்தைக்குச் சோத்தாங்கை, பீச்சாங்கை என்ற கணக்கே கிடையாது. கிலுகிலுப்பையை நடுவில் நீட்டினால் இந்தக் கை ஒரு தடவை, அந்தக் கை ஒரு தடவை, சில நேரம் இரண்டும் சேர்ந்து வரும். நிஜமான இடக்கைப் பழக்கம் ஒன்றரை வயது, இரண்டு வயதுக்கு மேல்தான் மெல்லத் தெரியும். ஏழு மாதத்திலேயே ஒரு கைதான் வேலை செய்கிறது என்றால் அந்தக் கை கெட்டிக்காரக் கை என்று அர்த்தமில்லை, மற்ற கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கவேண்டும்.

பல காரணங்கள் இருக்கலாம். பிரசவத்தில் தோள் மாட்டி, கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு இழுபட்டிருக்கலாம்; அப்படியானால் பிறந்த அன்றிலிருந்தே கை தொங்கியிருக்கும். நீங்கள் சொல்வது போல விரல்கள் மூடியே இருந்தால் மூளையையும் பார்த்துவிடுவது நல்லது. பிரசவ நேரத்தில் தாய்க்கு ரத்தம் சீக்கிரம் உறையும். ரத்தப்போக்கில் உயிர் போய்விடாமல் இருக்க உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பிள்ளைக்கும் அந்த நேரத்தில் உறையும் தன்மை கூடுதல்தான். நஞ்சுக்கொடியில் உறைந்த ஒரு சின்னத் துணுக்கு தொப்புள்கொடி வழியாகப் பிள்ளையின் இதயத்துக்குப் போகும். அங்கே வலது, இடது மேலறைகளுக்கு நடுவில் வயிற்றுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியே நேரே மூளைக்கு ஏறி ரத்தக்குழாயை அடைத்துவிடும், அதுதான் பிள்ளைக்கு வரும் பக்கவாதம். இப்படி அடைபடுவது இடப்பக்க மூளையில்தான் அதிகம். இடது மூளை பிடித்திருப்பது வலது கையை, அதனால் சோத்தாங்கைதான் பெரும்பாலும் சுணங்கும். எல்லாக் குழந்தைகளிலும் காரணம் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கவாதம் சுமார் 4,000 பிரசவங்களுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. ஸ்கேன் வசதி பெருகப் பெருக அதைவிட அதிகம் என்று தெரியவருகிறது.

“பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தான்?” என்று கேட்பீர்கள். சில குழந்தைகளுக்கு முதல் இரண்டு மூன்று நாளில் ஒரு கை மட்டும், அல்லது ஒரு கால் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும், அதைக் குளிர் நடுக்கம் என்று நினைத்துத் துணியைச் சுற்றிவிடுவார்கள். பல குழந்தைகளுக்கு அதுவும் இருக்காது. பிறந்த பிள்ளை கைகாலை உதைப்பது தானாக நடப்பது. வேண்டும் என்று கையை நீட்டிப் பொருளை எடுப்பது நாலு, ஐந்து மாதத்தில்தான் தொடங்கும், குறையும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று டாக்டர் சொல்வார். ஸ்கேன் முடிவு வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். நம் பெரியாஸ்பத்திரியில், அதுதான் அரசு ராஜாஜி மருத்துவமனையில், இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்றே டி.இ.ஐ.சி. (குறையைச் சீக்கிரமே கண்டு பயிற்சி தொடங்கும் மாவட்ட மையம்) என்ற பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. என்னிடம் ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தையைக் கூட்டிவந்தார்கள். எட்டு மாதத்திலேயே அம்மா சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார், “பொறுத்துப் பாருங்கள், சரியாகிவிடும்” என்று ஓர் இடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பத்து மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

என் மகளுக்கு இரண்டு வயது. பிறக்கும்போதே இடது மூளையில் பக்கவாதம் என்று ஸ்கேனில் வந்தது. பேச்சு இடது மூளையில்தான் இருக்கிறது என்கிறார்களே, இவள் பேசுவாளா? கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்.
– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

முதலில் அந்த அரிவாள்மனையை உங்கள் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, படுத்தது, அழுதது எதுவும் காரணம் இல்லை. மாமியார் படிப்பார் என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

பேச்சு விஷயத்தில் நல்ல சேதி இருக்கிறது. பெரியவர்களுக்கு இடது மூளையில் அடைப்பு வந்தால் பேச்சு போய்விடுவது நமக்குத் தெரியும். குழந்தை விஷயம் வேறு. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எலிசா நியூபோர்ட் என்பவரின் குழு, பிறப்பை ஒட்டி இடது மூளையில் பக்கவாதம் வந்து இப்போது வளர்ந்துவிட்ட 15 பேரை ஸ்கேனில் வைத்துப் பேச்சைக் கேட்கச் செய்து பார்த்தது. 2022-ல் முடிவு வெளிவந்தது. அவர்களுக்கு மொழி வேலை முழுக்க வலது மூளைக்குக் குடிபோயிருந்தது, அதுவும் கண்டபடி இல்லை, இடது பக்கம் எங்கே இருந்திருக்க வேண்டுமோ கண்ணாடியில் பார்த்தது போல அதற்கு நேர் எதிர் இடங்களில். பேச்சும் நன்றாகவே இருந்தது.

எல்லாக் குழந்தைக்கும் அப்படியே ஆகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வலிப்பு அடங்காமல் இருந்தால் பேச்சும் படிப்பும் பின்தங்கும், அதனால் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால் காதைச் சோதித்துவிட்டுப் பேச்சுப் பயிற்சி தொடங்குங்கள். கண் பரிசோதனையும் ஒரு தடவை செய்துவிடுங்கள். இப்படிப்பட்ட சில குழந்தைகளுக்கு ஒரு பக்கப் பார்வை குறைந்திருக்கும், தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு எழுந்தால் வீட்டில் அடம் என்று நினைத்துவிடுவோம்.

மகன் பிறந்ததும் அழவில்லை. ஆக்ஸிஜன் வைத்து, பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். வெளிநாட்டில் இப்படிப் பிறந்தால் உடம்பைக் குளிரவைத்து மூளையைக் காப்பாற்றுகிறார்கள் என்று படித்தேன். இங்கே செய்யவில்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு தகப்பன், திருமங்கலம்

ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது சார். மூச்சுத் திணறலால் மூளை அடிபட்ட குழந்தையைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்து, உடல் சூட்டை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லச் சூடாக்குவார்கள். பணக்கார நாடுகளில் அதனால் சாவும் ஊனமும் குறைந்தன. நமக்கும் அது அப்படியே பலிக்குமா என்று இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஹீலிக்ஸ் ஆய்வு என்று பெயர், முடிவு 2021-ல் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 பேர். பிழைத்தவர்களுக்கும் ஊனம் குறையவில்லை.

இங்கே பல குழந்தைகளுக்கு அடி பிரசவத்துக்கு முன்பே விழுந்துவிடுகிறது, அதனால் ஆறு மணி நேரக் கணக்கு பொருந்தவில்லை என்பது ஒரு கருத்து, விவாதம் ஓயவில்லை. அந்த மண்ணில் விளைந்தது இந்த மண்ணிலும் விளையும் என்று கண்ணை மூடிக்கொண்டு விதைக்காமல், செலவழித்துச் சோதித்துப் பார்த்தார்களே, அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

மகனுக்கு இப்போது எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதத்தை ஒட்டி இருந்தால் ஒன்று செய்யுங்கள். வயிறு நிறைந்து, அழாமல், தூங்காமல் இருக்கும்போது மல்லாக்கப் படுக்கவைத்து, கிலுக்கு, பொம்மை எதுவும் காட்டாமல், மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வயதில் கை, கால், கழுத்து எல்லாம் சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்கவேண்டும். பிரெக்டல் என்ற ஆஸ்திரிய மருத்துவர் கண்டு சொன்னது. அந்த நெளிவு இருந்தால் பெரும்பாலும் நிம்மதி, இல்லை என்றால் அன்றைக்கே பயிற்சியைத் தொடங்கலாம். கழுத்து நிற்கட்டும், உட்காரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பேத்தியின் நல்ல கையைக் கட்டிவைத்துவிட்டு முடியாத கையால் விளையாடவிடச் சொல்கிறார்கள். பிள்ளையைக் கட்டிப்போடுவது பாவமில்லையா?
– ஓர் அப்பத்தா, சோழவந்தான்

பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கக் கை சுணங்கும் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சியில் நன்றாகத் தேறிய பயிற்சிகளில் இதுவும் ஒன்று. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளிடம் இதைக் கவனித்தார். உணர்ச்சி இழந்த கையைக் குரங்கு பயன்படுத்தவே இல்லை. நல்ல கையைக் கட்டியதும் முடியாத கையை நீட்டி எடுத்தது. கை செத்துப்போகவில்லை, மறந்துபோயிருந்தது. உங்கள் பேத்திக்கும் அதேதான் நடக்கிறது.

கயிறெல்லாம் வேண்டாம். நல்ல கையில் மென்மையான காலுறை ஒன்றை மாட்டிவிட்டால் போதும், கைக்குழந்தை என்றால் தினம் அரை மணி நேரம், அதற்கு மேல் எவ்வளவு என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். அந்த அரை மணியில் சும்மா கையைப் பிடித்து ஆட்டிவிடுவது பயிற்சி ஆகாது, பிள்ளையே ஆசைப்பட்டு நீட்டவேண்டும். இட்லித் துண்டு, தொடுத்த மல்லிகைச் சரம், வெங்கலக் கிண்ணம், எவர்சில்வர் தம்ளர், எது அவளை இழுக்கிறதோ அது. கடலை, புளியங்கொட்டை மட்டும் வேண்டாம், வாயில் போட்டு மூச்சடைத்துவிடும். அப்புறம் காலுறையைக் கழற்றி இரண்டு கையாலும் பந்து பிடிக்க விடுங்கள். ஊரில் எண்ணெய் போட்டு உருவிவிடுவார்களே, மேலுக்குத் தேய்ப்பதில் தப்பில்லை. மூக்கில் எண்ணெய் ஊற்றுவது, சூடு போடுவது இரண்டும் கூடவே கூடாது.

பையனுக்கு ஐந்து வயது, மூளைவாதம் (செரிபிரல் பால்ஸி). ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) போட்டால் பிள்ளை நடந்துவிடுவான், சில லட்சம் ஆகும் என்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?
– வாடிப்பட்டி

விற்காதீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் பக்கவாதம் வந்த பச்சிளங்குழந்தைகள் 10 பேருக்கு மூக்கு வழியாக ஸ்டெம் செல் கொடுத்துப் பார்த்து 2022-ல் எழுதினார்கள். கொடுப்பது ஆபத்தாகத் தெரியவில்லை என்பது வரைதான் அந்த ஆய்வு, நடந்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அதுவும் பிறந்த புதிதில், பக்கவாத அறிகுறி தெரிந்த ஒரு வாரத்துக்குள் கொடுத்தது, உங்கள் பையனுக்கு ஐந்து வயது. நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) விதிப்படி மூளைவாதத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சிதான், ஆராய்ச்சிக்கு வருகிற குடும்பத்திடம் காசு கேட்கக்கூடாது. லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் பிள்ளைக்குப் பிறக்கும்போது பக்கவாதம். அடுத்ததற்கும் வருமா?
– திருப்பரங்குன்றம்

மிக அரிது. அந்தப் பிள்ளைக்கே மறுபடி வருவதும் அரிதுதான், இதயக் கோளாறோ ரத்தம் உறைவதில் கோளாறோ இருந்தால் தவிர. அடுத்த பிரசவத்தின்போது மூத்த பிள்ளையின் ஸ்கேன் காகிதங்களை மறக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.