கிராமத்தருகே கால்வாய் மரீனா வருவதை எதிர்த்து, குடியேறிய நாமும் கையெழுத்திடலாமா?

இங்கிலாந்தில் கால்வாயோரக் கிராமம் ஒன்றில் வீடு வாங்கியிருப்பதாகவும், ஊரையொட்டிய வயலைத் தோண்டிப் படகுகள் நிறுத்தும் மரீனா கட்ட விண்ணப்பம் வந்திருப்பதாகவும், எதிர்ப்பு மனுவில் கையெழுத்துக் கேட்டு அண்டை வீட்டார் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய வீட்டின் கடனே இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இருக்கும், ஊரில் நம்மவர் என்று உங்களைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள், மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அதே நிலையில் இருந்தேன். யோசிக்காமல் கையெழுத்தும் போட்டேன். அதனால்தான் இந்தப் பதில்.

நான் வழக்கறிஞன் அல்லன். திட்டமிடல் துறையில் வேலை பார்த்தவனும் அல்லன். "பிழைக்கப் போன இடத்தில் ஊர் வம்பு எதற்கு" என்று கீழே எழுதப்போகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கவுன்சில் வரி கட்டுகிறவன் அந்தக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவது வம்பு ஆகாது.

எங்களுடையது நார்தாம்ப்டன்ஷயர்ப் பக்கம், கிராண்ட் யூனியன் கால்வாயை ஒட்டிய சிறிய ஊர், பெயர் வேண்டாம். தஞ்சைப் பகுதியில் பிறந்த எனக்கு வாய்க்கால் என்றால் மதகு, முறைப்பாசனம், வயல் என்றுதான் மனத்தில் ஓடும். இந்தக் கால்வாய்களோ, சாலைகள் சேறாகக் கிடந்த காலத்தில் நிலக்கரியும் செங்கல்லும் ஏற்றிச் செல்ல வெட்டப்பட்டவை. குதிரைகள் கரையில் நடந்து படகை இழுத்தன. எங்கள் ஊர்ப் பாலத்தின் அடியில், வளைவின் ஓரத்தில், அந்த இழுகயிறு உராய்ந்து உராய்ந்து விரல் நுழையும் ஆழத்துக்குப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. கிணற்றுக் கல்லில் தாம்புக்கயிறு பதித்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இராது. இன்று சரக்குப் போக்குவரத்து அநேகமாக இல்லை. ஏழடிக்கும் சற்றுக் குறைவான அகலமும், சிலவற்றில் எழுபது அடி நீளமும் கொண்ட நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய படகுகள் மணிக்கு நான்கு மைல் வேகத்துக்கு மிகாமல் ஊர்கின்றன. சிலருக்கு அது விடுமுறைப் பொழுதுபோக்கு. வாடகை கட்டி மாளாத சிலருக்கு அதுவே வீடு.

இந்த இரண்டாவது வகையினரால்தான் எங்கள் ஊரில் பிரச்சினையே எழுந்தது. விண்ணப்பம் 120 படகுகளுக்கானது. ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய கொதிகலனில் தேநீர், தட்டில் பிஸ்கட், முன்வரிசையில் ஓய்வுபெற்றவர்கள். வீட்டு விலை விழும், மாடியிலிருந்து தெரிகிற காட்சி போய்விடும், கால்வாயில் தண்ணீர் வற்றிவிடும் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். கூட்டம் முடியும்போது ஒரு தாளை நீட்டினார்கள். மூன்று பக்கம். எதிர்வீட்டுப் பெரியவர் நல்ல மனிதர். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் வாசலில் பனியை அள்ளிப்போட்டவர். அவர் பேனாவைத் தந்ததும், படிக்காமலேயே கையெழுத்திட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கடிதத்தை என் மனைவிதான் எடுத்துப் படித்தாள். இங்கு ஆட்சேபணைக் கடிதங்கள் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். இரண்டாம் பக்கத்தின் நடுவில், இத்தகைய மரீனாக்கள் எந்த மாதிரி ஆட்களை ஊருக்குள் கொண்டுவரும் என்பதை நாம் அறிவோம் என்னும் பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. அதன் கீழே பெயர்கள். நாற்பத்தேழாவதாக, அந்தப் பட்டியலில் ஒரே தமிழ்ப் பெயராக, என்னுடையது.

"என்னங்க, நாம இந்த ஊருக்கு வந்தப்ப நம்மளையும் இப்படித்தானே பேசியிருப்பாங்க?" என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை எரிபொருள் படகு வந்தது. டீசலும் மூட்டை நிலக்கரியும் எரிவாயு உருளையும் ஏற்றிக்கொண்டு கால்வாய் நெடுகப் போய் மற்றப் படகுகளுக்கு விற்கும் படகு அது. எங்கள் அடுப்புக்கும் அதில்தான் கரி வாங்குவோம். அதை ஓட்டும் பெண்மணி வழக்கம்போல மூட்டையைக் கரையில் இறக்கி வைத்தார், மீதிச் சில்லறையை எண்ணித் தந்தார், பிறகு கரி அப்பிய கையுறையைக் கழற்றியபடி, "நாற்பத்தேழாவது நீங்கள்தானே?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆனால், மரீனா நல்ல திட்டம் என்று நான் மனம் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த இடத்தில், அந்த வழியாக அது கூடாது என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். என் குறை ஊரார் சொன்ன காரணங்களைப் பற்றியது. அவற்றில் பாதி சட்டத்தின் முன் நிற்காதவை. வீட்டு விலையையும், தனிப்பட்ட வீட்டின் காட்சி இழப்பையும் திட்ட அனுமதி வழங்கும்போது இங்கு கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர் வாதமும் வலுவற்றது: மரீனாவை ஒருமுறை நிரப்பினால் போதும், பிறகு ஆவியாவதையும் கசிவதையும் ஈடுசெய்தால் சரி, உண்மையான செலவு, படகை ஒரு மட்டத்திலிருந்து மறு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் லாக் எனப்படும் கதவிட்ட தொட்டிகளில்தான். கிராண்ட் யூனியனின் அகலமான லாக் ஒன்றை ஒருமுறை இயக்கினால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் லிட்டர் கீழ்மட்டத்துக்கு இறங்கிவிடும். அந்தக் கணக்கைப் பார்க்க, 2012 முதல் கால்வாய்களை நிர்வகித்து வரும் கால்வாய் மற்றும் ஆறு அறக்கட்டளை இருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பாக மாறிவிடுமோ என்ற அச்சத்துக்கும் வழி உண்டு: பொழுதுபோக்குப் படகுகளுக்கு மட்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை போடச் சொல்லலாம், ஆட்களின் தராதரத்தை எடைபோட வேண்டியதில்லை. போதாததற்கு, நிலையான நிறுத்துமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் பொதுவாக 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது 1995ஆம் ஆண்டின் சட்டம். அப்படி அலைபவர்களைக் குறை சொல்லும் அதே வாய், அவர்கள் நிலையாக நிற்க ஓர் இடம் வந்தால் அதையும் குறை சொல்கிறது.

எங்களுக்குக் கிடைத்த நல்ல காரணம், மரீனாவுக்கான லாரிகள் கடந்தாக வேண்டிய அந்தப் பழைய பாலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நானும் மனைவியும் துணிக்கடை நாடா போதாமல் கட்டட வேலைக்கான அளவுநாடாவை இரவல் வாங்கிச் சென்று அளந்தோம். ஒரு கைப்பிடிச் சுவரிலிருந்து மறுசுவருக்கு 3.4 மீட்டர். நடைபாதை கிடையாது; மேடு ஏறும் வரை எதிரே வருவது தெரியாது. இந்நாட்டுச் சாலையில் லாரி 2.55 மீட்டர் அகலம் வரை இருக்கலாம், பக்கக் கண்ணாடிகள் தனி. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் வழி அது. பிறகு மண் கணக்கு. ஐந்து ஏக்கர் பரப்பில் ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டினால் ஏறத்தாழ 30,000 கன மீட்டர் மண். லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தால் 3,000 நடை, போக வர 6,000 முறை அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். மண்ணை வெளியே கொண்டுபோகாமல் கரையாகக் குவிப்போம் என்று விண்ணப்பதாரர் சொன்னால், பக்கத்து ஓடை பெருகும்போது வெள்ளம் பரவுகிற தாழ்நிலத்தில் அந்த மேடு என்ன செய்யும் என்று கேட்கலாம்; கேட்டோம்.

அவற்றை மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் என் பெயரில் தனிக் கடிதமாக எழுதினேன். கூடவே, பழைய கடிதத்திலிருந்து என் பெயரை விலக்கிக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்பினேன். பெயரை நீக்குவார்கள் என்று பார்த்தால், மின்னஞ்சலையும் ஓர் ஆவணமாக இணையதளத்தில் ஏற்றி வைத்தார்கள். மறுநாளே எதிர்வீட்டுப் பெரியவர் படித்துவிட்டார். ஒரு மாதம் பேசவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவர் தாம் அல்லர் என்று பின்னொரு நாள் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னார், நம்பினேன்.

விண்ணப்பத்தை முடிவுசெய்யும் கவுன்சில் குழுவின் கூட்டத்தில் எதிர்ப்பவர்களுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். வேறொருவர் பேசினார், பாலத்தின் அளவு என்னுடையது. சாலைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது. அத்துடன் முடிந்தது என்று ஊர் கொண்டாடியபோது நான் அவசரப்படவில்லை. மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம், மாற்றி எழுதி மீண்டும் வரலாம். ஆனால் அனுமதி வழங்கப்பட்டால் ஊராருக்கு மேல்முறையீட்டு உரிமை கிடையாது, ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடுவது ஒன்றே வழி, அதற்கு யாரிடம் பணம் இருக்கிறது? எதிர்பார்த்தபடியே மறு ஆண்டில் 70 படகுகளுக்கு, பாலத்தைத் தொடாமல் நெடுஞ்சாலைப் பக்கமாக வழி வைத்து, புதிய விண்ணப்பம் வந்தது. அதை எதிர்க்க எனக்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. இரண்டாவது மனுவுடன் வந்தவர்களிடம் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திட மறுத்தேன். அது நிறைவேறியும் விட்டது, இப்போது தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, கையெழுத்திடலாமா என்றால், தாளை வீட்டுக்கு எடுத்துச்சென்று ஒவ்வொரு வரியையும் படியுங்கள். பிடிக்காத வரி ஒன்றிருந்தாலும் தனியாக எழுதுங்கள். பொதுவாக 21 நாள் தருவார்கள். தேதி, வேலிக் கம்பத்தில் கட்டிவைத்த அறிவிப்புத் தாளில் இருக்கும், மழையில் நனைந்து எழுத்து கரைவதற்குள் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அதை முட்புதருக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள்.