லீ-என்ஃபீல்டின் குட்டை வடிவத்துக்கு ஏன் இத்தனை மவுசு?

தோளை இடிக்கும், குறியும் நிலைக்காது என்று பெயரெடுத்த ‘ஜங்கிள் கார்பைன்’ என்னும் குட்டை லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைச் சேகரிப்பாளர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம், அதைத் தூக்கும்போதே புரிந்துவிடும். பிரிட்டிஷ் படையின் நான்காம் எண் லீ-என்ஃபீல்டு சுமார் 113 செ.மீ. நீளம், 4 கிலோ எடை. 1944-இல் உற்பத்திக்கு வந்த ஜங்கிள் கார்பைன், அதாவது ஐந்தாம் எண், ஏறத்தாழ 100 செ.மீ., 3.2 கிலோதான். புதரிலும் கொடியிலும் சிக்காமல் நடக்க அந்த அரைச் சாண் குறைவு பெரிய வரம். மலாயாக் காடுகளில் அது நன்றாகவே உழைத்தது.

தோட்டா மட்டும் அதே .303 அங்குல வகை. நீளக் குழாய்க்கு அளந்த வெடிமருந்து குட்டைக் குழாயில் முழுதாக எரிவதில்லை. மிச்சம் வாயிலேயே தீப்பிழம்பாக வெடிக்கிறது. அதை மறைக்கத்தான் முனையில் அந்தப் புனல். என் கண்ணுக்கு அதன் அழகே அந்தப் புனல்தான்! எடை குறைந்ததால் உதை கூடியது. அடிக்கட்டையில் வைத்த ரப்பர் பட்டையோ மிகக் குறுகலானது. உதை முழுவதும் தோளின் ஒரே இடத்தில் இறங்குகிறது.

குறி விலகும் குறையைப் பிரிட்டிஷ் இராணுவமே ஒப்புக்கொண்டது. 1947-இல் உற்பத்தி நின்றது. துல்லியம்தான் முக்கியம் என்றால் நான்காம் எண்ணையே தேடுங்கள்.