குல்மார்க்ல பனி கெடக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது, எப்போ டிக்கெட் போடுறது?

கடையம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணாச்சி, நான், வீட்டம்மா, ரெண்டு பிள்ளைங்க, 68 வயசு அம்மா, அஞ்சு பேரும் காஷ்மீர்ல குல்மார்க் போலாம்னு இருக்கோம். அரையாண்டு லீவுல டிசம்பர் 24ல இருந்து 30க்குள்ள பாக்கோம், இல்லன்னா ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு ஜனவரி கடைசி. பெரியவனுக்கு ஸ்கீயிங் கத்துக்கணும்னு ஒரே ஆச. போன்ல வெதர் ஆப் மைனஸ் 6ன்னு காட்டுது, ஆனா வீடியோல பாத்தா வெறும் புல்லா தெரியுது. எத நம்ப, எப்போ போக?"

தம்பி, மகன் ஸ்கீயிங் கத்துக்கிறது தான் முக்கியம்னா ஜனவரி 25க்கு மேல பிப்ரவரி 15க்குள்ள போடுங்க. பிள்ளைங்க பனிய கையில அள்ளி எறிஞ்சு விளையாண்டா போதும்னா டிசம்பர் கடைசியும் பரவால்ல, ஆனா அதுக்கு கோண்டோலாவுல (அங்க உள்ள ரோப் கார்) மேல ஏற வேண்டியிருக்கும். நான் பட்டாளத்துல இருந்தப்போ பாரமுல்லா பக்கம் மூணு குளிர்காலம் கெடந்திருக்கேன், வெளிய வந்த பெறகு வருஷா வருஷம் நம்ம ஊர் ஆளுங்கள கூட்டிட்டு போய்ட்டு வாரேன், அந்த அனுபவத்துல சொல்லுதேன்.

நாம குத்தாலத்துக்கு எப்படி கெளம்புவோம்? தென்காசில சாரல் அடிக்குன்னு கேட்ட உடனேயா வண்டிய எடுக்கோம்? இல்லலா. மெயின் அருவில தண்ணி விழுதா, ஐந்தருவில அஞ்சு கிளையும் விழுதா, குளிக்க விடுதாவளான்னு அங்கன இருக்குத ஆளுக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு தான் கெளம்புவோம். ஊர்ல சாரல் இருந்தும் அருவி நூலா விழுத நாளும் உண்டு, கீழ வெயில் அடிக்கும்போதே மலைக்கு மேல கொட்டி அருவி பொங்குத நாளும் உண்டு. குல்மார்க்கும் அப்படித்தான், அங்க குளிருதான்னு பாக்கக்கூடாது, தரையில எவ்ளோ கெடக்கு, எந்த உயரத்துல கெடக்கு, கடைசியா எப்போ பெஞ்சுதுன்னு பாக்கணும்.

நீங்க ஆப்ல மைனஸ் 6 பாத்திய, வீடியோல புல்லு பாத்திய, ரெண்டுமே உண்மை தான். நம்ம பேச்சுல வேற, புல்லு மேல விடியக்காலம் நிக்குததும் பனி, அங்க கொட்டுத ஸ்னோவும் பனி, அதனால குளிர்னாலே பனின்னு மனசுல பதிஞ்சு போச்சு. (இனிமே நான் பனின்னு சொல்லுததெல்லாம் ஸ்னோ தான்.) மார்கழி மாசம் எந்த ராத்திரி நமக்கு நல்லா குளிரும்னு யோசிச்சு பாருங்க, மேகமே இல்லாம நட்சத்திரம் பளிச்சுன்னு தெரியுத ராத்திரி தான? மேகம் போத்துன கம்பளி மாதிரி, தரையோட சூட்ட சட்டுன்னு மேல போக விடாது. காஷ்மீர்லயும் அதே தான், ராத்திரி மைனஸ் 8, 9ன்னு எறங்குச்சுன்னா பெரும்பாலும் வானம் தொடச்சு விட்ட மாதிரி கெடக்கும், ஒரு பொட்டு பனி பெய்யாது. பனி கொட்டுத ராத்திரி பாத்தியன்னா பெரும்பாலும் அவ்ளோ கீழ எறங்காது, குளிரே கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கும்.

பனி வேணும்னா குளிரோட ஈரமும் வரணும், அந்த ஈரம் எங்கருந்து வருதுங்கறது தான் விஷயமே. நமக்கு குத்தால சீசனுக்கு தென்மேற்கு பருவக்காத்து, ஐப்பசி கார்த்திகைக்கு வடகிழக்கு. காஷ்மீர் குளிர்காலத்துக்கு இது ரெண்டும் கிடையாது, அங்க மத்தியத்தரைக்கடல் பக்கத்துல உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியா மேக்க இருந்து வருத ஒரு கலக்கம் தான் பனிய கொண்டாருது, வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்னு சொல்லுவாவ. அது பீர் பஞ்சால் மலைல முட்டி மேல ஏறி குளுந்து கொட்டுது, நம்ம பொதிகைல காத்து முட்டி நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்ல கொட்டுத மாதிரியே. ஆனா பருவக்காத்து மாதிரி மாசக்கணக்குல நிக்காது, ஒண்ணு வந்தா ஒரு நாளோ மூணு நாளோ கொட்டிட்டு போயிரும், அடுத்தது அஞ்சு நாள்லயும் வரலாம், மூணு வாரம் ஆனாலும் வராமலும் இருக்கலாம்.

நம்ம அக்னி நட்சத்திரம் மாதிரி அங்க உள்ளவியளுக்கும் ஒரு கணக்கு இருக்கு, டிசம்பர் 21ல இருந்து 40 நாள் சில்லை கலான், அப்புறம் 20 நாள் சில்லை குர்த், கடைசி 10 நாள் சில்லை பச்சா. சில்லை கலான்ல பெய்யுத பனி தான் கெட்டியா தரையில தங்கும், பெறகு பெய்யுதது சீக்கிரம் கரையும்னு பெரியவிய சொல்லுவாவ, பெரும்பாலும் சரியா தான் இருக்கும். ஆனா அந்த 40 நாளும் கண்டிப்பா பெய்யும்னு எழுதி வைக்க முடியாது. 2024 ஜனவரில சில்லை கலான் பாதிக்கு மேல போயும் குல்மார்க் மைதானம் காஞ்ச புல்லா கெடந்துச்சு, மாசக் கடைசில தான் கொட்ட ஆரம்பிச்சுது. 2025ல பாருங்க, பிப்ரவரி 22ல தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி பத்தலன்னு தள்ளி வச்சு, மார்ச் 9ல இருந்து 12 வரைக்கும் தான் குல்மார்க்ல நடத்துனாவ. அதனால தான் ஜனவரி கடைசின்னு சொன்ன நானே, தேதிய மட்டும் பாத்து முழு பணத்தையும் கட்டிராதியன்னும் சொல்லுதேன்.

அடுத்தது உயரம். நம்ம அகத்தியர் மலை உச்சி 1,868 மீட்டர். ஸ்ரீநகர் ஊரே கிட்டத்தட்ட 1,585 மீட்டர்ல உக்காந்திருக்கு, குல்மார்க் மைதானம் சுமார் 2,650. அங்கருந்து கோண்டோலா முதல் பேஸ் (அதாவது முதல் கட்டம்) போய் நிக்குத எடம் கோங்டோரி, அது 3,000 மீட்டருக்கு கொஞ்சம் மேல, ரெண்டாவது பேஸ் அஃபர்வத், அது சுமார் 3,950. 1,000 மீட்டர் ஏறுனா சராசரியா ஆறரை டிகிரி கொறையும், இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதி கணக்க நீங்களே போட்டுரலாம். ஸ்ரீநகர்ல 6 டிகிரில மழ பெய்யுதுன்னு செய்தில வந்தா குல்மார்க்ல அது மைனஸ் 1, அப்போ பனி. ஸ்ரீநகர்ல 12 டிகிரில மழன்னா குல்மார்க்லயும் 5 டிகிரி மழ தான், கெடக்குத பனியையும் அது கரைச்சுட்டு போயிரும், ஆனா அஃபர்வத்ல அதே நேரம் மைனஸ் 3, பனி கொட்டிட்டு இருக்கும். மார்ச்ல இத அடிக்கடி பாக்கலாம். ஆப்ல குல்மார்க்னு போட்டிருந்தாலும் அது எந்த உயரத்துக்கு கணக்கு போடுதுன்னு பாருங்க, சில ஆப் பக்கத்து பள்ளத்தாக்கையும் மலையையும் சேத்து ஒரே கட்டமா எடுத்து சராசரி காட்டும். அடிவாரம், நடு, உச்சின்னு மூணா பிரிச்சு காட்டுதது தான் நமக்கு ஆகும். கூடவே ஸ்ரீநகர் வானிலை மையம் சொல்லுதத தினமும் பாருங்க, மூணு நாலு நாளைக்கு முன்னாடி சொல்லுதது நல்லாவே ஒத்து வரும், பத்து நாள் கழிச்சு இத்தன இஞ்ச் பெய்யும்னு ஆப் காட்டுதத வச்சு டிக்கெட் போடாதிய.

மழ அளவ பனியா மாத்துததுக்கும் ஒரு கணக்கு இருக்கு. சுமாரா 1 சென்டிமீட்டர் மழத்தண்ணி 10 சென்டிமீட்டர் பனி ஆகும், நல்லா குளுந்த காஞ்ச பனின்னா 15 கூட வரும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சுல்லா, அதே தண்ணி பனியா விழுந்திருந்தா ஒம்பதர மீட்டர், மூணு மாடி மூடிப் போயிருக்கும். அதனால முன்னறிவிப்புல 20 மில்லிமீட்டர்னு போட்டிருந்தா இவ்ளோ தானான்னு நெனைக்காதிய, அது 20 சென்டிமீட்டர் பனி, மைதானம் வெள்ளையாகிரும். பெஞ்ச பனி ரெண்டு நாள்ல தானா அமுங்கும், 60 இருந்தது 40 ஆயிட்டுன்னா எல்லாமே கரைஞ்சு போயிட்டுன்னு பயப்பட வேண்டாம்.

சரி, அங்கன யாருக்காவது போன் போட்டு என்ன கேக்கது? "பனி இருக்கா"ன்னு மட்டும் கேட்டியன்னா ஹோட்டல்காரர் "இருக்கு சார், வாங்க"ன்னு தான் சொல்லுவாரு, அவரு பொய் சொல்லல, மேல அஃபர்வத்ல இருக்குததயும் சேத்து சொல்லுதாரு. நீங்க இப்படி கேளுங்க: கோல்ஃப் மைதானத்துல எத்தன இஞ்ச் கெடக்கு, கடைசியா எந்த தேதி பெஞ்சுது, ரெண்டாவது பேஸ் ஓடுதா, தங்மார்க்ல இருந்து செயின் கட்டுன வண்டி மட்டும் தான் விடுதாவளா. கடைசி கேள்விக்கு வருத பதில் தான் எனக்கு ரொம்ப புடிச்ச அத்தாட்சி. தங்மார்க்ல இருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர் ஏத்தம், ரோட்டுல பனி இருந்தா தான் டயர்ல செயின் கேப்பாவ, சாதா டாக்ஸி நேரா மேல போயிட்டு வருதுன்னா மைதானத்துலயும் பெருசா ஒண்ணும் இல்லன்னு வச்சுக்கலாம். முடிஞ்சா அன்னைக்கு எடுத்த வீடியோ ஒண்ணு அனுப்ப சொல்லுங்க, போன வருஷத்து வீடியோ தான் நெறைய சுத்திட்டு இருக்கு.

மகன் கத்துக்கப்போறது அந்த கோல்ஃப் மைதானத்து சரிவுல தான். அடியில புல்லுங்கறதால ஓரடி, ஒன்னேகால் அடி அமுங்குன பனி இருந்தாலே ஆரம்பிக்க போதும், மேல பாறை சரிவுக்கு தான் மூணு நாலு அடி வேணும். காலைல வெள்ளன பனி கல்லு மாதிரி எறுகி கெடக்கும், விழுந்தா முட்டி பேந்துரும், 10 மணிக்கு மேல வெயில் பட்டு இளகும், அதுல இருந்து 2 மணி வரைக்கும் தான் கத்துக்குத பிள்ளைக்கு நல்ல நேரம், சாயங்காலம் திரும்ப எறுகிரும். மூணு நாளாவது தொடர்ந்து பழகட்டும், ஒரு நாள் கிளாஸ்ல நிக்கவும் விழவும் தான் நேரம் இருக்கும்.

இன்னொண்ண கண்டிப்பா சொல்லணும். பெரும்பனி பெஞ்சு மறுநாள் வானம் தெளிஞ்சு வெயில் அடிச்சா பாக்க அம்புட்டு அழகா இருக்கும், அன்னைக்கு தான் மேல போக எல்லாருக்கும் கை பரபரங்கும். பனிச்சரிவு ஆபத்து ஜாஸ்தியும் அந்த முத ஒண்ணு ரெண்டு நாள்ல தான். 30ல இருந்து 45 டிகிரி வரைக்கும் சரிவு உள்ள எடத்துல புதுப்பனி பழைய பனியோட ஒட்டாம நிக்கும், காத்து வேற ஒரு பக்கம் கொண்டு வந்து குவிச்சிருக்கும், ஒரு ஆள் மிதிச்சா போதும் மொத்தமா கெளம்பிரும். 2010 பிப்ரவரில அங்க பயிற்சில இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவுல போயிட்டாவ, மலையிலயே பழகுன ஆளுங்க அவிய. 2023 பிப்ரவரில அஃபர்வத் பக்கம் போலந்து நாட்டு ஸ்கீயர்ஸ் ரெண்டு பேரு. 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு 17 வயசு பையன் போனது நம்ம மனச விட்டு போகல, மலை அங்கயும் அதே மாதிரி தான் சொல்லாம வரும். பாதுகாப்பு துறையோட டிஜிஆர்இ பனிச்சரிவு எச்சரிக்கைய மாவட்ட வாரியா விடுது, குல்மார்க் இருக்குத பாரமுல்லா மாவட்டத்துக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கோண்டோலா ரெண்டாவது பேஸ நிறுத்தி வச்சிருந்தா டிக்கெட் காசு போச்சேன்னு சண்ட போடாதிய, காத்தோ சரிவோ ஏதோ ஒண்ண பாத்து தான் நிறுத்தியிருப்பாவ. கட்டுன கயிறுக்கு அந்தப்பக்கம் யாரு கூப்பிட்டாலும் பிள்ளைய அனுப்பாதிய.

அம்மாவுக்கு கோங்டோரி வரைக்கும் போதும். அஃபர்வத் உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல உள்ளதுல 60 சதவீதம் சொச்சம் தான், மூச்சு வாங்கும், பிரஷர் மாத்திர போடுதவங்கன்னா டாக்டர்கிட்ட கேக்காம ஏத்தாதிய. ஸ்ரீநகர்ல ஒரு ராத்திரி தங்கி பழகிட்டு மேல போங்க.

துணிமணில ஒண்ணே ஒண்ணு, உள்ள காட்டன் பனியன் வேண்டாம், வேர்வைய குடிச்சு ஈரமாவே நின்னு உடம்ப வெறைக்க வச்சிரும், கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்க. ஓவர்கோட்டும் கம்பூட்டும் தங்மார்க்லயே வாடகைக்கு கெடைக்கும், பூட்டுக்குள்ள கைய விட்டு ஈரம் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. புதுப்பனி வெயில்ல 80 சதவீதத்துக்கு மேல திருப்பி மொகத்துல அடிக்கும், கூலிங் கிளாஸ் அஞ்சு பேருக்கும் வேணும். தேங்காண்ணெய் 24 டிகிரிக்கு கீழயே உறைஞ்சிரும், பாட்டில்ல கொண்டு போனா கல்லாட்டம் நிக்கும், வாயகலமான டப்பால எடுத்துக்கோங்க. நம்ம ஊர்ல வாங்குன ப்ரீபெய்டு சிம் அங்க வேல செய்யாது, ஒருத்தராவது போஸ்ட்பெய்டு வச்சிருங்க.

டிக்கெட்ட பொறுத்த வரைக்கும், பிளைட்ட முன்னாடியே போடுங்க, ரூம மட்டும் கேன்சல் பண்ணா பணம் திரும்ப வருத மாதிரி பாத்து போடுங்க, கோண்டோலாவ ஆன்லைன்ல பதிஞ்சிருங்க. திரும்பி வருததுக்கு ஒரு நாள் கூட வச்சுக்கோங்க, பனி கொட்டுனா ஸ்ரீநகர்ல பிளைட் எறங்காது, ஜம்மு ரோடும் மறிஞ்சிரும். ராத்திரி ரூம்ல புகாரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிஞ்சா ஜன்னல ரெண்டு வெரக்கட தொறந்து வைங்க, படுக்கும்போது அணைச்சிருங்க. குளிருதேன்னு எல்லாத்தையும் அடைச்சுட்டு படுத்து, அடுப்புல வருத விஷவாயுவால விடியும்போது எந்திரிக்காத குடும்பங்கள் பத்தி வருஷா வருஷம் அங்க செய்தி வருது, அம்மா படுக்குத ரூம நீங்களே போயி ஒரு தடவ பாத்துட்டு படுங்க.