வாசகர் கேள்வி-பதில்: மழைக்காட்டில் ஸ்பானியம் படித்தல்

கேள்வி: நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கோஸ்டா ரிக்காவில் ஆறு வாரம் நடைபெறும் கோடைகாலப் பயிற்சி ஒன்றில் ஸ்பானிய மொழியையும் வெப்பமண்டலச் சூழலியலையும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். இரண்டையும் அரைகுறையாகப் படித்துத் திரும்புவதைவிட, ஆங்கிலத்தில் நடக்கும் சூழலியல் வகுப்பு ஒன்றில் மட்டும் சேர்வது நல்லதல்லவா?

பதில்: ஆங்கில வகுப்பில் சேர்ந்தால் பாடத்திட்டத்தில் கூடுதலான பகுதிகளைப் படித்து முடிப்பீர்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சியையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். அந்நாட்டுக் காட்டைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு, அதை ஒட்டி வாழும் மக்களின் பேச்சில் இருக்கிறது. அந்தப் பேச்சு ஸ்பானியத்தில் நடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலம் சிறிது சிறிதாகக் காடாக மாறுவதைப் பாடநூல்கள் பல நிலைகளாகப் பிரித்துக் காட்டும். கோஸ்டா ரிக்க விவசாயியிடம் அந்த நிலைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாடு மேயும் புல்வெளி 'பொத்ரேரோ'. அதில் களையும் புதரும் மண்டினால் 'சர்ரால்'. இளமரங்கள் நெருங்கி வளர்ந்துவிட்டால் 'தக்கொத்தால்'. அகராதியில் 'மொந்தான்யா' என்ற சொல்லுக்கு மலை என்று பொருள் போட்டிருக்கும். கிராமத்தாரோ அடர்ந்த காட்டையே அப்படிச் சொல்வதுண்டு. இச்சொற்களைத் தெரிந்துகொண்ட மாணவிக்கு, ஒரு நிலத்தின் வயதையும் வரலாற்றையும் அதன் உரிமையாளரின் ஒரே வாக்கியத்திலிருந்து ஊகிக்க முடியும்.

இலக்கணமும் இப்படித்தான் களத்தோடு இணைகிறது. ஸ்பானியத்தில் இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள் இருப்பது தொடக்கநிலை மாணவர்களைத் திணறடிக்கும்: வழக்கமாக நிலவியதைச் சொல்ல ஒன்று, ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததைச் சொல்ல மற்றொன்று. 'அகீ அபீயா பொத்ரேரோ' என்று ஒரு முதியவர் சொன்னால், இங்கே முன்பெல்லாம் மேய்ச்சல் நிலம் இருந்தது என்று பொருள். அந்நாடு இருபதாம் நூற்றாண்டில் மேய்ச்சலுக்காகத் தன் காடுகளில் பெரும்பகுதியை இழந்து, பின்னர் கணிசமாக மீட்டெடுத்த நாடு. 1996ஆம் ஆண்டின் வனச் சட்டம் காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடை செய்ததோடு, கார்பனைச் சேமித்தல், நீரைக் காத்தல், பல்லுயிர் வளம், இயற்கை எழில் ஆகிய நான்கு பயன்களுக்காகக் காட்டைப் பேணும் நிலவுடைமையாளருக்குப் பணம் வழங்கவும் வழி செய்தது. அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் முடிவை எப்படி மாற்றியது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்பது வேறு அனுபவம்; அதற்கு மேற்சொன்ன இரண்டு இறந்தகாலங்களும் கட்டாயம் தேவைப்படும்.

நாட்டின் வடமேற்கிலுள்ள குவானாகாஸ்தேப் பகுதியில் அமெரிக்கச் சூழலியலாளர்களான டேனியல் ஜான்சனும் (Janzen) வினி ஹால்வாக்ஸும் 1989 முதல் செய்த பணியை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத கிராமத்தவர்களுக்குப் பயிற்சி அளித்து, பூச்சிகளைச் சேகரித்துப் பதப்படுத்தி வகைப்படுத்தும் முழுநேரப் பணியாளர்களாக அவர்களை ஆக்கினார்கள். இத்தகைய ஒருவருடன் ஒரு காலைப்பொழுது நடந்து, அவர் சொல்வதில் பாதியையாவது மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புரிந்துகொள்வதை நீங்கள் இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். நகரத்தில் மொழி வகுப்பும் வார இறுதியில் காட்டுச் சுற்றுலாவும் என்று அமைந்த பயிற்சியானால் உங்கள் அச்சம் நியாயமானதே. அதில் சேர வேண்டாம். உள்ளூர்க் குடும்பத்துடன் தங்க வைக்கிறார்களா, ஆய்வு நிலையத்தில் எத்தனை நாள், மாணவர் தாமே ஒரு கேள்வியை எடுத்து ஆராய இடமுண்டா என்று எழுதிக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பு 1963இல் தொடங்கப்பட்டது. அது கோஸ்டா ரிக்காவில் நடத்தும் லா செல்வா ஆய்வு நிலையத்தில் சுமார் 1,600 ஹெக்டேர் காடு இருக்கிறது. அத்தகைய இடத்தில் இலைவெட்டி எறும்புகளைப் போன்ற எளிய ஆய்வுப்பொருளே போதும். 'சொம்போப்பாஸ்' என்று அங்கே அழைக்கப்படும் அவை, சுமந்து செல்லும் இலைத் துண்டுகளைக் கொண்டு பூஞ்சை வளர்த்து, அதையே உணவாகக் கொள்கின்றன. எந்த மரத்தின் இலையை விரும்புகின்றன, எதை ஒதுக்குகின்றன என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். பிறகு அதே கேள்வியைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஸ்பானியத்தில் கேளுங்கள். உங்கள் எண்ணிக்கையும் அவருடைய அனுபவமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதிலிருந்து நல்லதோர் அறிக்கை எழுதலாம்.

கேள்வி: என் மகன் இதே போன்ற பயிற்சிக்கு ஜூன், ஜூலையில் செல்கிறான். அங்கே அது மழைக்காலம் என்கிறார்களே, தவறான பருவமா? பாம்பு பயமும் இருக்கிறது.

பதில்: 'கோடைகாலப் பயிற்சி' என்பது வட நாடுகளின் கல்லூரி விடுமுறையை ஒட்டி வைத்த பெயர். கோஸ்டா ரிக்க மக்கள் மே முதல் நவம்பர் வரையிலான மழை மாதங்களை 'இன்வியெர்னோ', அதாவது குளிர்காலம், என்றே சொல்கிறார்கள். சூழலியல் படிக்க இது மோசமான பருவமல்ல. வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து நிற்கும் குவானாகாஸ்தேக் காடு இப்போது பசுமையாக இருக்கும். தொர்த்துகேரோ கடற்கரையில் பச்சை ஆமைகள் ஜூலை முதல் முட்டையிட வரும். மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால் காலையில் களப்பணியை வைத்துக்கொள்வார்கள். கரீபியக் கடல் பக்கம் உள்ள லா செல்வாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கே உலர்ந்த உடை என்பதே அரிதாகிவிடும்.

பாம்பைப் பொறுத்தவரை உங்கள் கவலை வீணானதல்ல. 'தெர்சியோபேலோ' எனப்படும் கடும் நஞ்சுள்ள விரியன் அக்காடுகளில் உண்டு. முழங்காலை எட்டும் ரப்பர் பூட்ஸ், இரவில் கைவிளக்கு, பார்க்காமல் எந்த மரத்திலும் கை வைக்காத பழக்கம் ஆகிய மூன்றும் கட்டாயம். வலி மிகுந்த கொட்டுக்குப் பெயர் பெற்ற 'பாலா' எறும்பும் மரத்தண்டில் ஏறும் என்பதால் கடைசியாகச் சொன்னதை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். கூடவே 'குயிதாதோ' என்ற சொல்லையும் புறப்படுமுன்பே கற்றுக்கொடுங்கள். கவனம் என்று பொருள். முன்னே நடக்கும் வழிகாட்டி அவசரத்தில் தம் தாய்மொழியில்தான் குரல் கொடுப்பார்.