பாட்டு வருகிறது, பாடகரைக் காணோம்

கேள்வி: போனை சவுண்ட் மிக்ஸரில் இணைக்க ஒரு கேபிள் வாங்கினேன். ஒரு பக்கம் 3.5 மி.மீ. பிளக், மறுபக்கம் மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர், மேடை மைக் கேபிளில் வருகிற உருண்டை பிளக். தபேலா, வயலின் எல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மிக்ஸர் போய்விட்டதா?

பதில்: மிக்ஸர் நன்றாகத்தான் இருக்கிறது, கேபிள்தான் வில்லன். போன் பிளக்கை உற்றுப் பாருங்கள், இரண்டு கறுப்புக் கோடுகள் அதை மூன்றாகப் பிரித்திருக்கும்: நுனியில் இடது சேனல், நடு வளையத்தில் வலது, அடிப்பகுதி கிரவுண்டு. எக்ஸ்எல்ஆரிலும் மூன்றுதான், ஆனால் அங்கே இடது வலது என்ற பேச்சே கிடையாது. 1ஆம் பின் ஷீல்டு, அதாவது வயர்களைச் சுற்றியுள்ள கிரவுண்டு உறை. 2இலும் 3இலும் ஒரே ஒலிதான், 3இல் தலைகீழாக. மிக்ஸர் 2இலிருந்து 3ஐக் கழிக்கும். வழியில் இரண்டு வயரிலும் ஒரே மாதிரி ஏறிய இரைச்சல் அந்தக் கழித்தலில் காணாமல் போகும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

உங்கள் கேபிளில் இடது 2க்கும் வலது 3க்கும் போயிருக்கிறது. மிக்ஸருக்கு அது தெரியுமா? வழக்கம்போல கழித்துவிட்டது. பாடகர் குரலைப் பெரும்பாலும் நட்டநடுவில், இரண்டு சேனலிலும் சமமாக வைத்துத்தான் மிக்ஸ் செய்வார்கள், அதனால் இரைச்சலோடு சேர்ந்து அவரும் அவுட். குரலுக்குப் போட்ட எக்கோ மட்டும் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் தப்பித்து நிற்கிறது, நீங்கள் சொன்ன கிணறு அதுதான்.

3.5 ஸ்டீரியோ பிளக்கிலிருந்து இரண்டு 6.35 மி.மீ. மோனோ பிளக்காகப் பிரிகிற கேபிள் வாங்கி, இரண்டு லைன் இன்புட்டில் செருகுங்கள், முடிந்தது. சால்டரிங் தெரிந்தால் இதே கேபிளையும் மாற்றலாம்: இடது, வலது இரண்டையும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 2இல் சேர்த்து, 3ஐயும் கிரவுண்டையும் 1இல் இணையுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக முறுக்கிவிடாதீர்கள், போனின் இரண்டு சேனலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அப்புறம் முக்கியமாக, எக்ஸ்எல்ஆரில் எதைச் செருகுவதற்கு முன்பும் மிக்ஸரில் ஃபான்டம் பவர் (சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே மிக்ஸர் தருகிற மின்சாரம்) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், 2லும் 3லும் 48 வோல்ட் நிற்கும், போன் அதைத் தாங்குகிற ஜாதி இல்லை.

கேள்வி: பழைய ஹெட்செட்டைப் புதுப் போனில் போட்டால் எனக்கும் பாட்டில் பாடகர் குரல் போய்விடுகிறது. மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் வந்துவிடுகிறது! என்ன மாயம்?

பதில்: கிட்டத்தட்ட அதே வியாதி. நாலு பகுதி பிளக்கில் கடைசி இரண்டும் இரண்டு விதமாக வரும். சிடிஐஏ முறையில் இரண்டாவது வளையம் கிரவுண்டு, அடிப்பகுதி மைக். பழைய ஓஎம்டிபி முறையில் இது அப்படியே இடம் மாறியிருக்கும். உங்கள் ஹெட்செட் பழைய முறை போல, அதனால் ஸ்பீக்கர்களுக்குக் கிரவுண்டே சரியாகக் கிடைக்காமல் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதில் விழுகிறது. பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் ஷார்ட் செய்கிறது, விட்டுப்போன கிரவுண்டு அந்த வழியாகக் கிடைத்துவிடுகிறது. இரண்டையும் மாற்றித் தருகிற சின்ன அடாப்டர் இருக்கிறது, அதைப் போட்டால் விரல் வலிக்காது.

கேள்வி: டிவி, ஆம்ப்ளிஃபயரில் செருகுகிற கலர் பிளக் இருக்கிறதே, அந்த ஆர்சிஏவில் சிவப்பு எந்தப் பக்கம்?

பதில்: வலது. வெள்ளையோ கறுப்போ, மற்றது இடது.