கொப்புளத்தில் தைலம் தேய்க்காதீர்கள்: கேள்வி பதில்

அம்மை, அக்கி, வைரஸ் காய்ச்சலோடு வரும் தடிப்பு, இவை பற்றி மட்டும் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி முடி கொட்டுவது பற்றி. அதெல்லாம் இன்னொரு நாள்.

கோத்தகிரியிலிருந்து: டாக்டர், ஐந்து வயது மகனுக்கு நேற்று முதுகில் நாலு கொப்புளம், இன்று முகமெல்லாம். சின்னம்மையா, தட்டம்மையா? ராத்திரி முழுக்கச் சொறிகிறான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சின்னம்மைதான் அம்மா. முதலில் சிவப்புப் புள்ளி, சில மணி நேரத்தில் நீர் கோத்த கொப்புளம், அப்புறம் பொருக்கு. புதிது புதிதாகக் கிளம்புவதால் ஒரே இடத்தில் மூன்றும் கலந்து கிடக்கும், அதுதான் அடையாளம். தட்டம்மையில் கொப்புளமே வராது. மூன்று நாலு நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண், இவ்வளவும் வந்த பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் தடிப்பு தொடங்கிக் கீழே இறங்கும். அந்த வரிசையில் வந்தால் ஆஸ்பத்திரிக்கு முதலில் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள், ஏனென்றால் நோயாளி எழுந்து போன அறையின் காற்றில்கூட இரண்டு மணி நேரம் வரை அந்த வைரஸ் இருக்கும்.

அரிப்புக்குக் காலமைன் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தாராளமாகக் குளிப்பாட்டலாம், ஆனால் நம் ஊர் வழக்கப்படி ஆவி பறக்க ஊற்றினால் அரிப்பு இன்னும் ஏறும். குளிர்கிறதே என்று கம்பளி ஸ்வெட்டரை நேராகத் தோலில் மாட்டாதீர்கள், உள்ளே பருத்திச் சட்டை இருக்கட்டும். தூக்கம் கெடுகிறதென்றால் அரிப்பு மருந்தை டாக்டர் எடை பார்த்து எழுதித் தருவார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென் வேண்டாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது. அம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் வரலாம்.

குன்னூரிலிருந்து: அம்மைக் கொப்புளத்தில் நீலகிரித் தைலம் தடவலாமா? சளிக்கு நன்றாகக் கேட்கிறதே.

தடவாதீர்கள். புண்ணான தோலில் எரியும், குழந்தை கையை வாயில் வைத்து விழுங்கினால் வலிப்புவரை போகும். விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் வகையறா. தோல் வழியாக உள்ளே போகும். ஊட்டியில் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருப்பதால் அது எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது.

ஊட்டியிலிருந்து: சின்னம்மையில் குளிப்பாட்டலாமா?

கோத்தகிரி அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கூடலூரிலிருந்து: மூன்று வயதுப் பெண், வாயில் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம். தக்காளிக் காய்ச்சல் என்கிறார்கள்.

2022-ல் கேரளத்தில் அந்தப் பெயர் பரவி எல்லோரும் பயந்துபோனார்கள். தக்காளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொல்வது கை கால் வாய் நோய், பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். வாய்ப்புண்ணால் குடிக்க மறுப்பதுதான் நிஜமான தொல்லை. ஆறவைத்த கஞ்சி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தால் ஆஸ்பத்திரி. சில வாரம் கழித்து நகம் கழன்றால் பதறாதீர்கள், புதிதாக வளரும். மலத்தில் வைரஸ் பல வாரம் இருக்கும், அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சானிடைசரை நம்பாதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து, அப்பா கோத்தகிரியில் இருக்கிறார்: 62 வயது. இடது பக்க நெஞ்சிலிருந்து முதுகுவரை பட்டையாகக் கொப்புளம், நெருப்பாய் எரிகிறதாம். குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதியாகிவிட்டது. போதுமா?

போதாது. சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது. அதனால்தான் ஒரே பக்கம், ஒரே பட்டை. தடிப்பு கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். இன்றைக்கே கூட்டிப்போங்கள்.

அதற்கு ஊட்டியிலிருந்து ஒருவர்: என் பாட்டிக்குக் காவியில்தான் சரியானது. எங்கள் நம்பிக்கையைக் கேலி செய்கிறீர்களா?

கேலியே இல்லை சார். அக்கி இரண்டிலிருந்து நாலு வாரத்தில் எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். பேர் காவிக்குப் போகிறது. ஆனால் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலி இருக்கிறதே, சட்டை உரசினாலே துடிப்பார்கள், அப்போது காவி எழுதியவரிடம் யாரும் திரும்பப் போவதில்லை, என்னிடம்தான் வருகிறார்கள்.

அவரே மறுபடியும்: அப்படியானால் வேப்பிலையும் பொய்யா?

வாசலில் வேப்பிலை செருகுவது எனக்குப் பிடித்த வழக்கம். வருகிறவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், தொற்று குறையும். இங்கே குளிரில் வேப்பமரம் ஏது, மேட்டுப்பாளையத்திலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும், அது வேறு கதை. அக்கி எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் மாத்திரை தொடங்கிவிட்டு எழுதுங்கள், உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் பூசாதீர்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், கண் போய்விடும், அன்றே கண் டாக்டர்.

இன்னொருவர்: விண்டர்கிரீன் தடவினால் அக்கி வலி…

இல்லை.

மஞ்சூர்ப் பக்கத் தோட்டத்திலிருந்து: அண்ணனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, உடம்பில் லேசான தடிப்பு. வைரஸ் என்று சும்மா இருக்கிறோம்.

சும்மா இருக்காதீர்கள் தம்பி. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு எல்லாம் தேடிப் பாருங்கள், சிகரெட்டால் சுட்ட மாதிரி வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கலாம். புதரில் இருக்கும் நுண்ணிய உண்ணிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் அது. வைரஸே இல்லை, பாக்டீரியா. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும், விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று போகும். பொருக்கு தெரியாவிட்டாலும் ஒரு வாரக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். இன்றே போங்கள்.

வெலிங்டனிலிருந்து: ஐந்து மாதக் கர்ப்பம். எனக்கு அம்மை வந்ததில்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்திருக்கிறது.

அவனோடு பழகியிருந்தால் காத்திருக்காமல் உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த எதிர்ப்புச் சக்தியையே நேராகத் தரும் ஊசியைப் பத்து நாளுக்குள் போட வழியிருக்கிறது. அம்மைத் தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடக் கூடாது.

பந்தலூரிலிருந்து: போட்டோ அனுப்பினால் சொல்வீர்களா?

மாட்டேன். தடிப்பின் மேல் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள், சிவப்பு மறையாமல் அப்படியே நின்றால் போட்டோ எடுக்காமல் வண்டி பிடியுங்கள்.

கோத்தகிரி அம்மா மறுபடியும்: பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுப்பலாம்? குளிப்பாட்ட மாமியார் விடமாட்டேன் என்கிறார்.

எல்லாக் கொப்புளமும் பொருக்கானதும் அனுப்பலாம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், தைலப் பகுதியையும் சேர்த்து.