கணினி கேள்வி – பதில்: நிரந்தர லைசன்ஸ் எதனால் நின்றுபோகிறது?

கேள்வி: பல வருடங்களுக்கு முன் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை டிவிடியோடும் நிரந்தர லைசன்ஸோடும் வாங்கினோம். போன மாதம் கணினியை ஃபோர்மட் பண்ணி மறுபடி போட்டோம். சீரியல் இலக்கத்தை ஏற்கிறது, ஆனால் ‘ஆக்டிவேட் செய்ய முடியவில்லை’ என்று நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியது எங்களுக்குச் சொந்தமில்லையா?
– ஸ்டூடியோ உரிமையாளர், கல்லடி

பதில்: உங்கள் உரிமைக்கு முடிவுத் திகதி கிடையாது. ஆனால் அந்த உரிமையைச் சரிபார்க்கும் சேர்வர் விற்றவர் கையில் இருக்கிறது. அவர் அதை மூடினால், ஏற்கனவே ஆக்டிவேட் ஆன கணினியில் பெரும்பாலும் வேலை தொடரும். ஃபோர்மட் பண்ணிய கணினியில் தொடராது. அடோபி நிறுவனம் ஃபோட்டோஷொப் அடங்கிய பழைய சிஎஸ்2 தொகுப்பின் சேர்வரை மூடியபோது, சேர்வரைக் கேட்காத பதிப்பையும் அதற்கான இலக்கத்தையும் 2013இல் வெளியிட்டது. மூடுகிற எல்லோரும் அப்படிச் செய்தே ஆகவேண்டும். செய்யாமல் விடுவது வாங்கியவரின் பணத்தைப் பறிப்பதற்குச் சமம்.

ஆனாலும் சேர்வர் மூடிவிட்டது என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள். பல தடவை பிழை நம் கணினியில்தான் இருக்கும். முதலில் திகதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடும். திகதி பிழைத்தால் சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது, இணைப்பும் கிடைக்காது.

வின்டோஸ் 7 என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. இன்றைய சேர்வர்கள் பெரும்பாலும், இணையத் தகவலைப் பூட்டி அனுப்பும் டி.எல்.எஸ். முறையின் 1.2 அல்லது அதற்குப் புதிய பதிப்பில்தான் பேசுகின்றன. வின்டோஸ் 7இல் 1.2 இருந்தாலும் பல மென்பொருள்களுக்குத் தானாக இயங்காது. கேபி3140245 என்ற அப்டேட்டோடு, வின்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் ஒரு மாற்றம் செய்யவேண்டும். ஃபோர்மட் பண்ணியவர் இதைத் தவறவிட்டிருக்கக்கூடும்.

அடுத்தது ஹோஸ்ட்ஸ் ஃபைல். ஓர் இணையப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி முதலில் பார்க்கும் பட்டியல் இது. சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈ.டி.சி. என்று போனால் கிடைக்கும். ஃபோர்மட்டுக்குப் பிறகு யாராவது அந்தக் கணினியில் கிராக் (லைசன்ஸ் இல்லாமல் இயக்கும் திருட்டு வழி) போட்டிருந்தால், நிறுவனத்தின் சேர்வர் பெயர்களை இதில் எழுதி வழியை அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பு அசல் லைசன்ஸையும் மறிக்கும். அந்த வரிகளை நோட்பேடில் அழித்துச் சேமியுங்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேமிக்க விடாது.

‘ஆக்டிவேட் செய்யக்கூடிய எண்ணிக்கை முடிந்துவிட்டது’ என்ற செய்தி வந்தால் காரணம் வேறு. ஃபோர்மட் பண்ணுமுன் ஹெல்ப் மெனுவில் டீஆக்டிவேட் கொடுக்காததால், பழைய பதிவு இன்னும் ஒரு கணினியாகக் கணக்கில் நிற்கிறது. பற்றுச்சீட்டின் படத்தையும் சீரியல் இலக்கத்தையும் நிறுவனத்துக்கு அனுப்பி, எண்ணிக்கையை மீளமைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆக்டிவேட் ஆனதும் அன்றே முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே பிரதியாக, வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஃபைல்களை மட்டும் கொப்பி பண்ணினால் ஆக்டிவேஷன் வராது. அதே கணினியில் இமேஜை மீளப் போட்டால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து வரும். மதர்போர்டை மாற்றினால் வராது. மார்கழி வெள்ளத்தில் டிவிடியும் பற்றுச்சீட்டும் நனைந்தால் ஆதாரமே போய்விடும், அவற்றின் படமும் அதே டிஸ்க்கில் இருக்கட்டும்.

கேள்வி: ‘லைஃப்டைம்’ என்று சொல்லி ஒரு கடையில் ஒபீஸ் 2021 போட்டுத் தந்தார்கள். ஆறு மாதத்தில் சிவப்புப் பட்டை வந்துவிட்டது. கடைக்காரர் மறுபடி காசு கேட்கிறார்.
– டியூஷன் நிலையப் பொறுப்பாளர், கல்முனை

பதில்: ஆறு மாதம் என்பதே காரணத்தைச் சொல்கிறது. பெரிய நிறுவனங்களுக்கான கே.எம்.எஸ். முறையில் ஓர் ஆக்டிவேஷன் 180 நாட்களுக்குத்தான் செல்லும். அதற்குள் அந்த நிறுவனத்தின் சேர்வரைத் தொட்டுப் புதுப்பிக்கவேண்டும். உங்கள் கணினி எந்த நிறுவனத்தையும் சேர்ந்ததல்ல, அதனால் புதுப்பிக்க வழியில்லை. வேர்டில் ஃபைல், பிறகு அக்கவுண்ட் என்று போய்ப் பாருங்கள். ‘புரொபெஷனல் பிளஸ் 2021’ என்றிருந்தால், அது பொதுவாக நிறுவனங்களுக்கு வொல்யூம் முறையில், அதாவது பல கணினிகளுக்கு மொத்தமாக, கொடுக்கப்படுவது. 2021 பதிப்பில் வீட்டுக்கும் சிறு கடைக்கும் விற்றவை ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’, ‘ஹோம் அண்ட் பிசினஸ்’ போன்றவை.

இதில் வயிறெரியும் விஷயம் ஒன்றுண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, நுகர்வோர் அதிகார சபைக்கு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். மென்பொருள் நிற்பதோ ஆறாம் மாதம். அதனால் வாங்கிய அன்றே கடையில் நின்றபடி அந்த அக்கவுண்ட் பக்கத்தைத் திறந்து பார்த்து, பதிப்பின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இப்போதைக்கு அச்சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம், அல்லது உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போகலாம்.

புதிதாக வாங்கினால் கார்டிலுள்ள 25 எழுத்து இலக்கத்தை உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் நீங்களே பதியுங்கள். பதிந்தபின் லைசன்ஸ் அந்தக் கணக்கோடு சேர்ந்துவிடும்; கார்ட் வெறும் அட்டைதான். கடைப் பையன் அவசரத்தில் உண்டாக்கிய மின்னஞ்சலில் பதிந்தால், கணினி பழுதாகும் நாளில் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.

கேள்வி: ஒபீஸ் 2019இன் காலம் முடிந்துவிட்டதாம், புதிது வாங்கச் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது பாதுகாப்பு அப்டேட்டும் நிறுவனத்தின் உதவியும்தான். உங்கள் வேர்டும் எக்செலும் தொடர்ந்து திறக்கும். தெரியாத இடத்திலிருந்து வரும் ஃபைல்களை அதில் திறக்காதீர்கள். அவற்றுக்கு இலவசமான லிப்ரே ஒபீஸைப் புதிய பதிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம்.